இலங்கையில் 5 இரவு: மலையா, கிழக்கா, யாழ்ப்பாணமா? ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்றால் எதை எடுப்பீர்கள்?

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வரும் ஆகஸ்டில் இலங்கைக்குப் போவது என்று வீட்டில் முடிவாகிவிட்டது, திருச்சியிலிருந்து கொழும்புக்கு நேரடி விமானம், மொத்தம் 5 இரவு, அதற்கு மேல் எனக்கு விடுப்பு கிடையாது. இலங்கையில் எந்தப் பக்கம் போவது என்பதுதான் மூன்று வாரமாக இழுத்துக்கொண்டிருக்கிறது.

நாங்கள் நான்கு பேர். நான், மனைவி, 8 வயது மகள், 68 வயது அம்மா. அம்மாவுக்கு இரண்டு முழங்காலும் வலி. சமதரையில் நிதானமாக நடப்பார், படி என்றால் இருபது முப்பது ஏறுவதற்குள் உட்கார இடம் தேட வேண்டும். மகளுக்கு யானையும் கடலும். மனைவிக்கு அந்த மலை ரயில், ஒன்பது வளைவுப் பாலம். எனக்குப் பழைய ஊர்களும் குளங்களும் பார்க்க ஆசை. அம்மாவைக் கேட்டால் "நீங்க எங்க போறீங்களோ அங்க வரேன்" என்கிறார், அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியவில்லை.

ஒரு முகவர் கண்டி, நுவரெலியா, எல்ல, காலி, கொழும்பு என்று ஒரு திட்டம் அனுப்பினார். அலுவலக நண்பர் ஒருவர் சீகிரியா, திருகோணமலை, யாழ்ப்பாணம் என்று எழுதிக் கொடுத்தார். வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் பக்கம் பக்கமாகத்தான் இருக்கிறது, தமிழ்நாட்டில் பாதி அளவுள்ள தீவுதானே, இரண்டையும் சேர்த்துப் போட்டால்கூட முடியும் போலத் தெரிகிறது. முடியுமா? முடியாது என்றால் எதை விடுவது? போய் வந்தவர்கள் சொல்லுங்கள். பார்க்க வேண்டிய 10 இடங்கள் மாதிரி பட்டியல் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது. எதை விடலாம் என்பதற்குத்தான் எனக்குக் காரணம் வேண்டும்.

---

பயணப்பை எழுதியது:

உங்கள் முகவர் அனுப்பிய அதே சுற்றை நாங்கள் 6 நாளில் போய் வந்தோம், அதனால் இதை விரிவாகவே எழுதுகிறேன்.

வரைபடத்தை நம்பாதீர்கள். கொழும்பிலிருந்து கண்டி 115 கிலோமீட்டர்தான், ஆனால் மூன்று மணி நேரத்துக்குக் குறைந்து நாங்கள் போய்ச் சேரவில்லை. கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டர்கூட இல்லை, அதற்கும் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம், முழுக்க வளைவு. எல்லவிலிருந்து காலிக்கு இறங்க அரை நாள் போய்விடும். வேகமாகப் போக முடிவது கொழும்பிலிருந்து காலி, மாத்தறைப் பக்கம் போகும் அதிவேக நெடுஞ்சாலையில்தான், அங்கே மட்டும் காலிக்கு இரண்டு மணி நேரம் என்றால் இரண்டு மணி நேரம்தான். மற்ற இடங்களில் கிலோமீட்டரைப் பார்க்காமல் மணிக்கணக்கைப் பாருங்கள்.

எங்களுக்கு என்ன நடந்தது என்றால், ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்குப் பெட்டியைக் கட்டி வேனில் ஏற்றுவோம். மதியம் ஒரு இடத்தில் இறங்கி ஒரு மணி நேரம் பார்ப்போம், மறுபடி ஏறுவோம், இருட்டிய பிறகு விடுதி. என் மகனுக்கு அப்போது 7 வயது, மலைப்பாதையில் இரண்டு தடவை வாந்தி. நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனோம், போன நேரத்தில் மழையும் பனிமூட்டமும், விடுதி சன்னலுக்கு வெளியே ஒரு வேலிக்கம்பி வரைதான் தெரிந்தது, மறுநாள் காலை கிளம்ப வேண்டும் என்பதால் மூட்டம் விலகும்வரை காத்திருக்கவும் வழியில்லை. அதுவும் ஆகஸ்ட்தான். காலிக் கோட்டைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஐந்தே முக்கால்.

ஊருக்குத் திரும்பி வந்து மகனிடம் எது பிடித்தது என்று கேட்டேன். ஒரு விடுதியின் பின்புறம் மரத்தில் இருந்த மர அணில் என்றான். அங்கேதான் நாங்கள் இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் ஒரு இடத்தில் உட்கார்ந்திருந்தோம்.

அதனால் நீங்கள் எந்தப் பக்கத்தை எடுத்தாலும் சரி, தங்கும் ஊர் இரண்டுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் என்றால் அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம்.

---

ரயில்சன்னல் எழுதியது:

நான் மலைநாட்டுக்கு ஓட்டுப் போடுகிறேன், ஆனால் ஒரு திருத்தத்தோடு.

ஆகஸ்ட் என்றால் மலை முழுக்க மழை என்று எல்லோரும் சொல்வார்கள், அது பாதிதான் உண்மை. தென்மேற்குப் பருவமழை மே முதல் செப்டம்பர் வரை மேற்குச் சரிவில் கொட்டும். ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கமெல்லாம் அதில் நனைந்துகொண்டிருக்கும், பயணப்பை மாட்டிக்கொண்டது அங்கேதான். ஆனால் அந்தக் காற்று மலைமுதுகைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தை எல்லாம் கொட்டிவிட்டுக் காய்ந்த காற்றாகத்தான் இறங்கும். பண்டாரவளை, எல்ல, பதுளை இருக்கிற ஊவாப் பக்கம் ஜூலை, ஆகஸ்டில் ஓரளவு காய்ந்தே இருக்கும். ஊவாத் தேயிலைக்கு வருடத்திலேயே நல்ல மணம் ஏறுவது இந்த மாதங்களில்தான், காரணமே இந்தக் காய்ந்த காற்று. ரயிலில் போனால் இது கண்ணெதிரே நடக்கும். நானு ஓயா நிலையத்தில் நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு மூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பட்டிப்பொல தாண்டி (அதுதான் இலங்கையில் மிக உயரமான ரயில் நிலையம், 1,898 மீட்டர்) ஒரு சுரங்கத்தைக் கடந்ததும் மறுபக்கம் பளிச்சென்று வெயில், கீழே பள்ளத்தாக்கு அடி வரை தெரிந்தது.

எனவே மலை வேண்டும் என்றால் நுவரெலியாவில் தங்காதீர்கள், எல்ல அல்லது பண்டாரவளையில் மூன்று இரவு தங்குங்கள். ஒன்பது வளைவுப் பாலம் எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையில்தான் இருக்கிறது, 1921ல் கட்டி முடித்தது, இரும்பில்லாமல் கல்லும் செங்கல்லும் சிமெண்டும் மட்டும்.

மறைக்காமல் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கண்டியிலிருந்து எல்லவுக்கு ரயில் ஆறேழு மணி நேரம் எடுக்கும். முன்பதிவு இருக்கைகள் ஒரு மாதம் முன்பு திறந்ததுமே ஆகஸ்டுக்குப் பறந்துவிடும். கிடைக்காவிட்டால் நின்றுகொண்டு போக வேண்டும், அம்மாவோடு அது கூடாது. சில நிலையங்களில் நடைமேடை தாழ்வு, ரயில் படி உயரம். கனமழை பெய்தால் மண்சரிந்து ரயிலை நிறுத்துவதும் உண்டு. எல்லவில் நல்ல காட்சி தெரியும் விடுதிகள் பெரும்பாலும் சரிவில்தான், அறைக்குப் போகவே நாற்பது ஐம்பது படி இருக்கும். பாலத்துக்கும் சாலையிலிருந்து இறங்கி ஏறித்தான் வர வேண்டும். உங்கள் மனைவிக்கு அந்த ரயில் என்றால் உயிர் என்று தெரிகிறது, எனக்கும் அப்படித்தான், ஆனாலும் உங்கள் நால்வருக்கும் சேர்த்துப் பார்த்தால் இதை முதல் தேர்வாகச் சொல்ல எனக்கே தயக்கமாக இருக்கிறது. நீங்கள் இருவர் மட்டும் போகும்போது போங்கள்.

---

தென்னங்கீற்று எழுதியது:

தெற்குக் கரையை யாரும் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன்: ஆகஸ்டில் வேண்டாம். மிரிஸ்ஸ, உனவட்டுன பக்கம் கடல் அந்த மாதத்தில் கொந்தளிப்பாக இருக்கும், குழந்தையை இறக்க முடியாது. திமிங்கிலப் படகும் அங்கே நவம்பருக்குப் பிறகுதான். காலிக் கோட்டை எந்த மாதமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கோட்டைக்காக மட்டும் அந்தப் பக்கம் போகச் சொல்ல மாட்டேன்.

---

நான்காம்வீடு எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி. அம்மா "நீங்கள் போகும் இடத்துக்கு வருகிறேன்" என்று சொன்னதோடு விட்டுவிட்டீர்களா? என் அம்மாவும் அப்படித்தான் சொல்வார். "எங்கே போகணும்" என்று கேட்டால் பதில் வராது. ஊர்ப் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி முகத்தைப் பாருங்கள்.

---

காவிரிக்கரை எழுதியது:

நான்காம்வீடு, நீங்கள் சொன்னபடியே நேற்று இரவு சாப்பிடும்போது செய்து பார்த்தேன். கண்டி, எல்ல, காலி எதற்கும் ஒன்றும் இல்லை. நல்லூர் என்றதும் "முருகன் கோயில்தானே" என்றார். திருகோணமலை என்றதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு "அது பாடல் பெற்ற தலம்டா, கடலுக்கு மேல பாறையில இருக்குமாம், எங்க அப்பா சொல்லுவார்" என்றார். இவ்வளவு நாள் இதைச் சொல்லவே இல்லை.

அப்படியானால் நல்லூரும் திருகோணமலையும் சேர்த்து வடக்கு, கிழக்கு இரண்டையும் 5 இரவில் முடிக்கலாமா? யாழ்ப்பாணத்துக்கே நேராக விமானம் இருக்கிறதாமே?

---

பனைநிழல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம், இப்போது கொழும்பில் வேலை. மாதம் ஒரு தடவையாவது ஊருக்குப் போய் வருகிற ஆள், அதனால் இந்தப் பாதை எனக்கு மனப்பாடம்.

ஓம், பலாலிக்குச் (யாழ்ப்பாண விமான நிலையம் அங்கேதான்) சென்னையிலிருந்து விமானம் இருக்கிறது, 2019ல் தொடங்கி இடையில் நின்று 2022 கடைசியில் மறுபடி வந்தது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் 2023ல் தொடங்கியது, அதுவும் விட்டு விட்டுத்தான் ஓடுகிறது, விடுப்பை எண்ணி வருகிறவர்கள் அதை நம்பித் திட்டம் போட வேண்டாம். நீங்கள் திருச்சி கொழும்பு என்று வந்தால் யாழ்ப்பாணம் அங்கிருந்து 400 கிலோமீட்டர். ரயிலோ வேனோ, போக ஒரு பகல் வர ஒரு பகல். 5 இரவில் இரண்டு பகல் வண்டிக்குள்ளேயே போனால் என்ன மிச்சம்?

எங்கள் ஊரை யாராவது வேண்டாம் என்று சொன்னால் எனக்குப் பிடிக்காது, அதனால் சரியாக விளங்கிக்கொள்ளுங்கோ. ஆகஸ்ட் யாழ்ப்பாணத்துக்கு மிக நல்ல காலம். நல்லூர்த் திருவிழா ஆடி அமாவாசை கழிந்து ஆறாம் நாள் கொடியேறும், 25 நாள், ஆவணி அமாவாசையில் தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர். அந்த நாட்களில் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனம் விடமாட்டார்கள், வெளிவீதி முழுக்க மணல் பரப்பியிருக்கும், காலை நாலரைக்கெல்லாம் சனம் வெறுங்காலோடு நடக்கும். ஆண்கள் மேற்சட்டை கழற்றித்தான் உள்ளே போகலாம். அம்மாவுக்குப் படியே இல்லை, எல்லாம் சமதரை. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலுக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு, கிட்டத்தான். நெடுந்தீவை மட்டும் அம்மாவோடு வேண்டாம், அந்த மாதங்களில் சோழகக் காற்று அடிக்கும், ஒரு மணி நேரப் படகு நன்றாக ஆட்டும்.

ஆனால் இதை வேறொரு பயணத்தின் வாலில் கட்டாதீர்கள். யாழ்ப்பாணத்துக்கு வந்து கோயில், நூலகம், கோட்டை, கீரிமலை என்று ஒரே நாளில் வேனில் சுற்றிவிட்டுப் போகிறவர்களைப் பார்க்கிறேன், அவர்களுக்கு இந்த ஊர் வெறும் வெயிலாகத்தான் தெரியும். நூலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1981ல் எரித்தார்கள், 97,000க்கு மேற்பட்ட நூல்களும் ஓலைச்சுவடிகளும் போயின, இப்போது அதே வெள்ளைக் கட்டடம் மறுபடி நிற்கிறது. வாசலில் படம் எடுத்துவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினால் அது ஒரு வெள்ளைக் கட்டடம், அவ்வளவுதான். மூன்று இரவு யாழ்ப்பாணத்துக்கென்றே வையுங்கள், சென்னையிலிருந்து நேராகப் பலாலிக்கு வாருங்கள், மாலையில் பண்ணைப் பாலத்தில் காற்று வாங்குங்கள், ஒரு மதியம் நல்ல வீட்டுச் சாப்பாடு சாப்பிடுங்கள். இந்தத் தடவை முடியவில்லை என்றால் அடுத்த தடவை வாருங்கள், ஊர் எங்கேயும் போய்விடாது.

அம்மா திருகோணமலை என்றதும் சாப்பாட்டை நிறுத்தினார் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுவே பதிலாகப் படுகிறது.

---

குளக்கரை எழுதியது:

பனைநிழல் சொன்னதை நான் வழிமொழிகிறேன். கிழக்கும் அதற்குப் போகிற வழியில் இருக்கும் உலர்நிலமும், அதுதான் உங்களுக்கு. அந்தப் பக்கம் மூன்று தடவை போயிருக்கிறேன், ஒரு தடவை என் மாமியாரோடு, அவருக்கும் முழங்கால் பிரச்சினை.

முதலில் மாதம். இலங்கையில் எங்கே போவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் நாள்காட்டியில் இருக்கிறது. தென்மேற்கு மழை காலத்தில் கிழக்குக் கரை காய்ந்து கடல் தட்டையாக இருக்கும், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு மழை அடிக்கும்போது அது அப்படியே திரும்பித் தெற்குக் கரை நன்றாகிவிடும். நீங்கள் ஜனவரியில் போவதாக இருந்தால் நான் காலி, மிரிஸ்ஸ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆகஸ்டில் நிலாவெளி, உப்புவெளிக் கரையில் கடல் குளம் மாதிரி இருக்கும், உங்கள் மகள் இடுப்பளவு தண்ணீரில் நின்றாலும் கால் தெரியும்.

இரண்டாவது யானை. மின்னேரியாக் குளம் கோடையில் வற்ற வற்ற, தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் புதுப் புல் முளைக்கும். சுற்றுக் காட்டிலிருக்கும் யானைகள் அந்தப் புல்லுக்கும் தண்ணீருக்கும் மாலை நேரத்தில் குளத்துப் படுகைக்கு இறங்கும், ஆகஸ்ட், செப்டம்பரில் நூற்றுக்கணக்கில். நான் போன அன்று ஒரு குட்டி, புல்லைக் காலால் தட்டிப் பிடுங்கத் தெரியாமல் திரும்பத் திரும்ப உதைத்துக்கொண்டே இருந்தது, தாய் பிடுங்கி முன்காலில் அடித்து மண்ணை உதறித் தன் வாயில் போட்டுக்கொள்ளும், குட்டி அந்த வாயிலிருந்தே தும்பிக்கையை விட்டு எடுத்துக்கொள்ளும். இருபது நிமிடம் எங்கள் ஜீப்பில் யாரும் பேசவில்லை. ஒன்று மட்டும் கவனியுங்கள், குளத்தில் நீர்மட்டம் உயர்ந்திருந்தால் புல் இருக்காது, யானைகள் பக்கத்தில் கவுடுல்லவுக்கோ ஹுருலுக் காட்டுக்கோ போய்விடும். அதனால் முன்கூட்டியே மின்னேரியா என்று பணம் கட்டாதீர்கள். அன்று மதியம் பக்கத்து ஊரான ஹபரணையில் ஜீப்காரரிடம் "இன்றைக்கு எங்கே நிற்கிறது" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். ஜீப் குலுக்கும், அம்மாவை முன்னால் ஓட்டுநர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

மூன்றாவது உங்கள் பழைய ஊர்கள். சீகிரியாவா, பொலநறுவையா என்றால் இந்தக் குடும்பத்துக்கு நான் பொலநறுவை என்பேன். சீகிரியா 1,200 படி, அம்மாவால் முடியாது, கீழே இருக்கும் நீர்த்தோட்டம் மட்டும் சமதரை. நீங்களும் மகளும் காலை 7 மணிக்கு ஏறி 10 மணிக்குள் இறங்கிவிடலாம், அதற்குள் அம்மாவும் மனைவியும் விடுதியில் நிதானமாகக் காலை உணவை முடித்திருப்பார்கள், அப்படிப் பிரித்துக்கொண்டால் யாருக்கும் குறையில்லை. குளவி கூடு கட்டும் பாறை அது, மேலே சத்தம் போட வேண்டாம் என்ற பலகையை மகளுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பொலநறுவை வேறு மாதிரி. நகரமே சமதரையில் மரநிழலில் விரிந்து கிடக்கிறது, ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்திலேயே வண்டி போகும். சோழர்கள் அநுராதபுரத்தை 993ல் பிடித்த பிறகு தலைநகரை இங்கேதான் கொண்டுவந்தார்கள், சனநாதமங்கலம் என்று பெயர். அவர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் இன்றும் முழுசாக நிற்கிறது, இரண்டாம் சிவாலயம் என்று பலகை போட்டிருக்கும். சின்னக் கோயில்தான். எங்கள் பக்கத்துக் கோயில்களைப் பார்த்தவர்களுக்கு உயரத்தில் ஒன்றுமில்லை, ஆனால் சுவரில் தமிழ் எழுத்து வெட்டியிருக்கிறது, என் மாமியார் விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் பார்த்தார். உள்ளே லிங்கத்தின் மேல் யாரோ அன்று காலை வைத்த செம்பருத்தி. வெளியே நந்தி. நாங்கள் அரை மணி நேரம் அங்கே இருந்தோம், கல் விகாரையின் பெரிய புத்தரிடம்கூட அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

நான்காவது திருகோணமலை. கோணேசுவரம் பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளேதான் இருக்கிறது. கோட்டை வாசலில் நுழைந்ததும் மரத்தடியில் புள்ளிமான்கள் படுத்திருக்கும், மகள் அங்கேயே நின்றுவிடுவாள், நேரம் ஒதுக்குங்கள். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் 17ஆம் நூற்றாண்டில் இடித்துக் கடலில் தள்ளினார்கள், இப்போது இருப்பது பிறகு கட்டியது. கடைசியில் ஒரு ஏற்றமும் சில படிகளும் உண்டு, அம்மா நின்று நின்று ஏறலாம், அவசரமில்லை. மாலைப் பூசைக்குப் போங்கள். கோயிலை ஒட்டி இராவணன் வெட்டு, பாறை பிளந்து நேரே கீழே கடல், எட்டிப் பார்த்தால் நீலம் கறுத்துத் தெரியும். கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஊரிலிருந்து பக்கம்தான், ஏழு சின்னக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். என் மாமியார் முழங்காலில் ஏழாவது வாளி ஊற்றிய பிறகுதான் எழுந்தார்.

இப்படிப் பிரிக்கலாம். முதல் நாள் கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கியதும் கொழும்புக்குள் போகாமல் நேரே குருநாகல், தம்புள்ள வழியாக ஹபரணை, நாலு மணி நேரம், அங்கே 2 இரவு. இரண்டாம் நாள் காலை பொலநறுவை, மாலை யானை. மூன்றாம் நாள் காலை நீங்களும் மகளும் சீகிரியா, பிறகு திருகோணமலைக்கு 85 கிலோமீட்டர், நேரான சாலை, இரண்டு மணி நேரத்துக்குள். அங்கே 2 இரவு. ஐந்தாம் நாள் காலை கிளம்பி நீர்கொழும்பு, ஐந்தாறு மணி நேரம், இதுதான் இந்தப் பயணத்தின் ஒரே நீண்ட நாள். கடைசி இரவை அங்கே வைத்துக்கொண்டால் மறுநாள் விமானத்துக்குப் பதற்றம் இல்லை.

---

பயணப்பை எழுதியது:

இது நன்றாக இருக்கிறது. ஒன்று சேர்க்கிறேன், சீகிரியா, பொலநறுவை இரண்டிலும் சார்க் நாட்டவருக்கு (இந்தியர்களும் சேர்த்தி) கட்டணம் குறைவு, ஆனால் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். இன்னொரு பயணத்தில் நாங்கள் அதை விடுதியில் வைத்துவிட்டுப் போய் முழுக் கட்டணம் கட்டினோம்.

---

ரயில்சன்னல் எழுதியது:

குளக்கரை திட்டத்துக்கு என் ஓட்டையும் மாற்றிக்கொள்கிறேன். காவிரிக்கரை, மனைவி மனம் கோணாமல் இருக்க ஒரு யோசனை: திருகோணமலையிலிருந்து கொழும்புக்கும் ரயில் பாதை உண்டு, ஆனால் பிள்ளையும் பெட்டியும் அம்மாவுமாக அதில் ஏறச் சொல்ல மாட்டேன், மலை ரயிலின் அழகும் அதில் இல்லை. அதற்குப் பதில் மலை ரயிலுக்கென்று தனியாக ஒரு பயணம் என்று இப்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள். பிப்ரவரி, மார்ச் என்றால் மேற்குச் சரிவும் தெளிவாக இருக்கும், ரயில் முழுக்கப் பார்த்துக்கொண்டே போகலாம்.

---

காவிரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் மிக்க நன்றி. இரண்டு நாள் வீட்டில் பேசினோம். ஹபரணை 2, திருகோணமலை 2, நீர்கொழும்பு 1, முடிவாகிவிட்டது. விமானச் சீட்டு நேற்று எடுத்தாயிற்று.

மனைவிக்கு முதலில் கொஞ்சம் வருத்தம்தான். ரயில்சன்னல் எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன், "ரயில் முழுக்கப் பார்த்துக்கொண்டே போகலாம்" என்ற இடத்தில் அவரே "அப்ப மார்ச்லதான் போகணும்" என்று சொல்லிவிட்டார். மகளுக்கு அரையாண்டுத் தேர்வு, ஆண்டுத் தேர்வு எல்லாம் பார்த்து நாள் குறிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தை விடவில்லை, பனைநிழல். திருவிழாவுக்கு என்றே அடுத்த வருடம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பலாலிக்கு வருவோம்.

அம்மாவிடம் கோணேசுவரம் என்று உறுதியாகச் சொன்னதும் அவர் ஒன்றும் பேசவில்லை, எழுந்து போய்த் தாத்தாவின் பழைய தேவாரப் புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து அட்டைக்குப் பழைய நாள்காட்டித் தாள் போட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு சின்னக் கேள்வி. பொலநறுவையில் செருப்புக் கழற்ற வேண்டிய இடங்கள் நிறையவா, அம்மாவுக்கு வெறுங்காலில் சூடு தாங்காது. ஓட்டுநருக்குத் தமிழ் தெரிந்தவராகக் கிடைப்பார்களா?

---

குளக்கரை எழுதியது:

நிறைய இடங்களில் கழற்ற வேண்டும், 11 மணிக்கு மேல் கருங்கல் தரையில் கால் வைக்க முடியாது. தடித்த பருத்திச் சாக்ஸ் போட்டுக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். அம்மாவுக்கு இரண்டு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்று செம்மண்ணில் ஒரே காலையில் நிறம் மாறிவிடும். காலை 7 மணிக்கே உள்ளே போய்விடுங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை நால்வருக்கும். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று படம் எடுக்கக் கூடாது, மகளிடம் முன்பே சொல்லி வையுங்கள்.

---

பனைநிழல் எழுதியது:

தமிழ் தெரிந்த ஓட்டுநர் தாராளமாகக் கிடைப்பார்கள், கேட்டு எடுங்கள். திருகோணமலை, மட்டக்களப்பு, மலைநாட்டு ஆட்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருக்கிறார்கள். ஆளை முடிவு செய்யும் முன் ஒரு தடவை தொலைபேசியில் அம்மாவையும் பேச வையுங்கோ. ஆறு நாள் அவரோடுதான் வரப் போகிறார்.